மண்ணுக்குள் நடப்பதைப் பார்த்த வகுப்பு: சேர்வராயன் மலைப் பள்ளி ஒன்றில் வேர்ப் பாடம்

தொடக்கப் பள்ளிகளில் வேர்ப் பாடம் பெரும்பாலும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். ஆசிரியர் வெளியே போய் ஒரு குப்பைமேனிச் செடியையும் ஒரு கொத்துப் புல்லையும் பிடுங்கி வருவார். இது ஆணிவேர், இது சல்லிவேர். பிள்ளைகள் படம் வரைந்து பாகம் குறிப்பார்கள். வேரின் பணிகள் இரண்டு: செடியை மண்ணில் ஊன்றி நிறுத்துவது, நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சுவது. அது மனப்பாடம் ஆனதும் அடுத்த பாடம் தண்டு.

இதில் எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். பிடுங்கிய வேர் வேலையை நிறுத்திவிட்ட வேர். நீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்த்தூவிகள் பிடுங்கும்போதே அறுந்து மண்ணோடு தங்கிவிடுகின்றன. எது வேலை செய்கிறதோ அது நம் கைக்கு வருவதே இல்லை. மிஞ்சியதைக் காட்டி "இதுதான் தண்ணீரை உறிஞ்சுகிறது" என்றால் 6, 7 வயதுப் பிள்ளை தலையாட்டும். ஆனால் வேரைப் பற்றி அது ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறதோ அது அப்படியே இருக்கும்.

சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில், ஓர் ஆசிரியை இந்தப் பாடத்தைப் பல வாரங்களுக்கு நீட்டி, உயிருள்ள வேரை வைத்தே நடத்தினார். நான் கூட இருந்து பார்த்துக் குறிப்பெடுத்தேன். பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டியதில்லை.

இடமும் பிள்ளைகளும்

பள்ளியை ஒட்டிக் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளி பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், மீதிப் பேரின் பெற்றோர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டப்படி ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகள் சேர்ந்து ஒரே அறையில் உட்காருகின்றன. ஆசிரியை சேலத்திலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பஸ்ஸில் வருகிறவர். பாடம் தொடங்கியது ஆடி மாதம், மலையில் சாரல் பிடித்திருந்த சமயம்.

இவர்கள் செடி கொடி தெரியாத பிள்ளைகள் அல்ல. நாற்று நட்டால் இரண்டு நாள் வாடிக் கிடக்கும் என்பதும், மரவள்ளிக்குக் குச்சியைத்தான் நட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. இந்தப் பாடத்துக்குக் கிடைத்த பெரிய முதல் அதுதான்.

முதலில் கேட்டது

பாடம் எதையும் சொல்லாமல், "ஒரு செடி வரைங்க, மண்ணுக்கு மேலயும் கீழயும்" என்றார் ஆசிரியை. மேலே பலாமரம் காயும் இலையுமாக நிறைந்திருந்தது. கீழே மூன்று கோடு. சிலர் கீழே எதுவுமே வரையவில்லை. ஒரு சிறுமி வேரின் நுனியில் வாய் வரைந்து, அதற்குப் பல்லும் வைத்திருந்தாள்.

அந்தப் படத்தை வைத்தே கேள்வி தொடங்கியது. "இந்த வாய் என்ன சாப்பிடும்?"

"மண்ணுங்க டீச்சர்."

அறையில் யாரும் மறுக்கவில்லை. தண்ணீர் குடிக்கும், மண்ணைத் தின்னும், அதனால் செடி பெருக்கும். வேரைப் பற்றிய அவர்களின் கணக்கு இவ்வளவுதான். மூடுபனி நாளில் இலையும் தண்ணீர் குடிக்கும் என்று சிலர் சேர்த்துக்கொண்டார்கள். பனியில் இலை நனைந்து சொட்டுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பது சிறுபிள்ளைத்தனமான எண்ணம் அல்ல. கிரேக்கர் காலம் தொட்டு, செடிக்கு உணவு மண்ணிலிருந்துதான் வருகிறது என்று படித்தவர்களே நம்பிவந்தார்கள். வான் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜிய மருத்துவர், எடை போட்ட உலர்ந்த மண்ணில் சுமார் 2.3 கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் சுமார் 77 கிலோ ஆனது, 90 கிலோ மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. இந்தச் செய்தி அவர் இறந்தபின் 1648-இல் அச்சானது. தண்ணீரே மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டியது சரியல்ல. இலையும் காற்றும் வெயிலும் சேர்ந்து நடத்தும் வேலை பிற்காலத்தில்தான் தெரியவந்தது. ஆனாலும் மண் குறைகிறதா என்று கேட்டு எடை போட்டுப் பார்த்தாரே, அந்தக் கேள்வியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாலும் கேட்க முடியும்.

மண் இறங்கிய தொட்டி

ஆசிரியை ஒரு தொட்டியில் மண் நிரப்பி, மண்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தட்டைப்பயறு ஊன்றினார். செடி வளரட்டும், மண் குறைகிறதா பார்க்கலாம் என்பது ஏற்பாடு. கொடி வீசத் தொடங்கியபோது மண் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஒரு பையன் ஓடிவந்து சொன்னான்: "தின்னுருச்சுங்க டீச்சர்!"

அவன் பார்த்தது உண்மை. தண்ணீர் ஊற்ற ஊற்றத் தளர்ந்த மண் படிந்து இறங்கத்தான் செய்யும். "அது தின்னதில்லைப்பா, படிஞ்சது" என்று வாயால் சொல்லியிருந்தால் அவன் டீச்சருக்காக ஒத்துக்கொண்டிருப்பான், அவ்வளவே. அவர் சொல்லவில்லை. "செடியே இல்லாத தொட்டியில மண்ணு இறங்குமா இறங்காதா?" என்று திருப்பிக் கேட்டார். இறங்காது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதே மண்ணை இன்னொரு தொட்டியில் நிரப்பி, அதே டம்ளரால் அதே அளவு தண்ணீர் ஊற்றி வந்தார்கள். அதுவும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது.

நான் குறித்துவைத்ததில் முக்கியமான இடம் இது என்று நினைக்கிறேன். அந்தப் பையன் இரண்டு தொட்டிகளிலும் மாறிமாறி விரல் வைத்து அளந்துவிட்டு, "அப்ப இது எதத் தின்னுச்சு?" என்று வெற்றுத் தொட்டியைக் காட்டிக் கேட்டான். ஒப்பிட ஒன்றை வைத்துக்கொண்டு பார்ப்பது என்ற அறிவியலின் அடிப்படைப் பழக்கம் அந்தக் கேள்வியோடு அறைக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆசிரியை எந்தச் சோதனை வைத்தாலும் "சும்மா ஒண்ணு வெக்கலீங்களா?" என்று பிள்ளைகளே கேட்டார்கள்.

கண்ணாடிப் புட்டி

வேரை நேரில் பார்க்க அவர் வைத்தது எளிய ஏற்பாடு. அகன்ற வாய் ஊறுகாய்ப் புட்டியின் உள்சுவரை ஒட்டி ஈரத் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரவு ஊறவைத்த தட்டைப்பயறைச் சொருகி வைத்தார். இன்னொரு புட்டியில் கடுகு. சேலத்தில் இரண்டாம் நாளே முளை தெரியும். மலைக் குளிரில் கொஞ்சம் தாமதமாகும், அதற்கு ஆசிரியர் பொறுமையாக இருக்க வேண்டும்.

முதலில் வெளியே வருவது வேர். இலைதான் முதலில் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேர் விரல் நீளம் ஆனதும் புட்டியைக் கவிழ்த்து வைத்தார். மேலே பார்த்து நின்ற நுனி ஓரிரு நாளில் வளைந்து மறுபடி கீழே இறங்கியது. "தண்ணி கீழதான இருக்கு, அதான்" என்றாள் ஒருத்தி. நல்ல விளக்கம், ஆனால் துணி மேலும் கீழும் ஒரே ஈரமாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளே கைவிட்டாள். வேர்நுனியில் உள்ள செல்களில் கனமான மாவுமணிகள் எப்போதும் கீழ்ப்பக்கமாகப் படிகின்றன, வேர் திசை அறிவது அவற்றால்தான். கீழே எது என்று அறியும் இடம் நுனிதான் என்பதை டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் எழுதிவிட்டார்கள். மாவுமணிக் கதையெல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம் என்று ஆசிரியை விட்டுவிட்டார். "கீழே எதுன்னு வேர்நுனிக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். பொய்யும் இல்லை, பாரமும் இல்லை. சரியான அளவு.

அப்புறம், வேர் எந்த இடத்தில் நீள்கிறது என்ற கேள்வி. ஒரு வேரின் மேல் பேனா மையால் சம இடைவெளியில் புள்ளி வைத்தார்கள். விதைப் பக்கத்திலிருந்துதான் தள்ளிக்கொண்டு வரும் என்பது பிள்ளைகளின் ஊகம். மறுநாள் விதைப் பக்கத்துப் புள்ளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன, நுனியை ஒட்டிய புள்ளிகள் மட்டும் விலகி இழுபட்டிருந்தன. வளர்வது நுனிக்குச் சற்றே பின்னால். கல்லும் மண்ணும் உரசுகிற நுனிக்கு ஒரு மூடி உண்டு, அது தேயத் தேயப் புதிதாக உண்டாகும் என்று இந்த இடத்தில் சொன்னபோது, வாய் வரைந்த சிறுமி தன் பழைய படத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள்.

கடுகுப் புட்டியில் வேறு ஒன்று நடந்தது. வேரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பஞ்சு. "பூசணம் புடிச்சிருச்சு, தூக்கிப் போட்டுரலாம்" என்றார்கள் பிள்ளைகள். அதுதான் வேர்த்தூவி. பூசணம் திட்டுத்திட்டாகக் கண்ட இடத்தில் பிடிக்கும், விதையின் மேலும் படரும். தூவி நுனிக்குக் கொஞ்சம் மேலே வேரைச் சுற்றி ஒழுங்காக இருக்கும். இதைப் பூதக்கண்ணாடியால் பார்த்துப் பிரித்தறிந்தார்கள். துணி சொட்டச்சொட்ட நனைந்திருந்தால் தூவி தெரியாது, வேரோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிதமாக இருக்க வேண்டும். விரல் பட்டாலும் நசுங்கிவிடும்.

நாற்று ஏன் வாடுகிறது என்பதற்கு விடை இங்கேதான் கிடைத்தது. பிடுங்கும்போது தூவி அறுந்துபோகிறது, புதுத் தூவி வரும்வரை செடி தண்ணீருக்குத் திண்டாடுகிறது. ஒருத்தி சொன்னாள்: "எங்கம்மா சாயந்தரமாத்தான் நடுவாங்க." வெயில் தாழ்ந்தபின் நட்டால் இலை வழியாகப் போகும் தண்ணீர் குறையும். அவள் அம்மாவின் வழக்கத்துக்குப் பின்னால் இருந்த காரணத்தை அவளே எட்டிவிட்டாள்.

ஒரு புட்டியில் ஆர்வக்கோளாறாகத் தண்ணீரை விளிம்புவரை ஊற்றிவிட்டார்கள். விதை அழுகி நாறியது. வேருக்கும் காற்று வேண்டும் என்பதற்கு அந்த நாற்றமே போதுமானதாக இருந்தது.

இலை குடிக்குமா, வேர் குடிக்குமா

காசித்தும்பையை வேரோடு ஒன்றும் வேரில்லாமல் ஒன்றும் தண்ணீரில் வைத்தால் வேரில்லாதது வாடிவிடும் என்று ஒரு சோதனை பல பள்ளிகளில் நடக்கிறது. அது நம்பகமானதல்ல. வெட்டிய தண்டும் தண்ணீரை இழுக்கும், பூச்சாடியில் வைத்த பூ நிற்பது அதனால்தான். காசித்தும்பைத் தண்டு தண்ணீரிலேயே புதுவேரும் விட்டுவிடும். சொன்னதற்கு மாறாக நடந்தால் பிள்ளை எதை நம்பும்?

இங்கே செய்தது வேறு. ஒரே அளவான மூன்று பயற்றஞ்செடிகள். ஒன்றுக்கு மண்ணில் மட்டும் தண்ணீர். இன்னொன்றின் மண்ணைத் தண்டைச் சுற்றி பிளாஸ்டிக் தாளால் மூடி, இலைமேல் மட்டும் தெளித்தார்கள். மூன்றாவது பிள்ளைகள் கேட்ட "சும்மா ஒண்ணு", அதற்குத் தண்ணீரே இல்லை. மண்ணில் ஊற்றியது நிமிர்ந்து நின்றது. சும்மா விட்டது முதலில் வாடியது, இலையில் தெளித்ததும் பின்னாலேயே தொங்கிவிட்டது.

பனி பற்றிய அவர்கள் பேச்சையும் ஆசிரியை அப்படியே தள்ளிவிடவில்லை. பள்ளிக்குப் பக்கத்துப் பலாமரத்தில் ஆர்க்கிட் ஒட்டியிருக்கிறது. மரத்தை அது உறிஞ்சுகிறது என்பது பிள்ளைகளின் தீர்ப்பு. மண்ணைத் தொடாமல் காற்றில் தொங்கிய அதன் வெள்ளை வேரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கண்முன்னே பச்சையாக மாறியது. அந்த வேரின் மேல் பஞ்சுபோன்ற உறை உண்டு. மழையையும் பனியையும் அது பிடித்துவைக்கும், நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். மரத்தில் இடம் மட்டும் வாங்கிக்கொள்கிற செடி அது, மரத்தின் சாற்றை எடுப்பதில்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு மரக்கிளையும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்.

மிளகுக் கொடியின் கணுவேர் பற்றி ஏறத்தான் உதவுகிறது, மண்ணில் உள்ள வேர்தான் அதற்குத் தண்ணீர் தருகிறது என்பதையும் அதே நடையில் பார்த்துவிட்டார்கள். ஆணிவேர், சல்லிவேர், விழுது எல்லாம் அரை நாளில் முடிந்தன. வேர் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் வடிவங்களைக் கற்பிக்க நேரமே ஆவதில்லை.

மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் வேரா

சேலத்தைப் பற்றி எழுதிவிட்டு மரவள்ளியை விட முடியாது. ஜவ்வரிசி ஆலைகளும், 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் நிற்பது இந்த ஒரு வேரின்மேல்தான். செடி மாவைச் சேமித்துவைக்கிற வேர் அது. மேசைமேல் மரவள்ளி, முள்ளங்கி, கேரட், உருளைக்கிழங்கு, இஞ்சி, வெங்காயம், வேர்க்கடலை எல்லாவற்றையும் பரப்பி, "வேர் எது, பிரிங்க" என்றார். மொத்தத்தையும் வேர்ப் பக்கம் தள்ளினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து உருளையின் கண்ணிலிருந்து முளை வந்தது, இஞ்சியின் கணுவிலும் வந்தது. மரவள்ளிக் கிழங்கு மட்டும் முளைக்காமல் கெட்டுப்போனது. "அதுக்குத்தான் தாத்தா குச்சி நடறாரு" என்று ஒரு பையன் சொன்னபோது ஆசிரியை எதுவும் சேர்க்கவில்லை. கணுவும் கண்ணும் தண்டுக்கு உரியவை. சர்க்கரைவள்ளியை அவர் வேண்டுமென்றே மேசைக்குக் கொண்டுவரவில்லை. அது வேர்தான், ஆனாலும் முளைக்கும். இந்த வயதில் அது குழப்பத்தை மட்டுமே தரும். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. வேர்க்கடலைக்கு ஒரு செடியையே கொண்டுவந்தார். பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசி மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது, ஆகவே அது வேரில்லை, காய். வேரில் இருந்த சின்னச் சின்ன உருண்டைகளைப் புழுமுட்டை என்றார்கள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது.

இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சை மரவள்ளியைப் பிள்ளைகள் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. வேகவைத்துத்தான் தின்ன வேண்டும்.

நாற்றங்கால் ஆயா

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார். இன்றும் இங்கே வேலை என்றால் காப்பிதான். ஒரு பிள்ளையின் ஆயா நாற்றங்காலில் பல வருடம் வேலை செய்தவர். ஆசிரியை அவரை வகுப்புக்கு அழைத்தார். அவர் இரண்டு பை நாற்றைக் கொண்டுவந்து பையைக் கிழித்துக் காட்டினார். ஒன்றில் ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. இன்னொன்றில் பையின் அடியில் முட்டிச் சுருண்டிருந்தது. "இத இப்படியே நட்டா மேல தழைக்கும் சாமி, கோடை வந்தா தாங்காது. சுருண்டத கிள்ளிப்போட்டு நடணும்" என்றார். ஆழம் போகாத வேருக்கு மாசி, பங்குனியில் மேல்மண் காய்ந்தால் தண்ணீர் எட்டாது. புட்டியில் வேர் வளைந்து கீழே தேடிப் போனதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக் கையேடு எதிலும் இப்படியொரு பாடம் நான் கண்டதில்லை.

சரிவு

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆகவே மண்ணைப் பிடித்துவைக்கும் வேலை அவர்களுக்குப் புத்தகச் செய்தி அல்ல. தண்ணீர் கேன்களை நீளவாக்கில் வெட்டி, மண் நிரப்பிச் சாய்த்து வைத்தார்கள். ஒன்று வெறும் மண், ஒன்றில் நெருக்கமாக முளைத்த கேழ்வரகு, ஒன்றில் சில்வர் ஓக் சருகு. பூவாளியால் ஊற்றினால் வெறும் மண்ணிலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் வந்தது. மற்ற இரண்டிலும் தெளிவாக வந்தது.

"சருகுல வேரே இல்லீங்களே, அதுலயும் நல்ல தண்ணிதான் வருது" என்றான் தொட்டியை அளந்த அதே பையன். சரியான தடை. கேழ்வரகிலும் மண்ணைக் காத்தது இலையாக இருக்கலாம் அல்லவா? அடியோடு இலையை அறுத்துவிட்டு, வேர் மட்டும் இருக்கும்படி மறுபடி ஊற்றினார்கள். முன்பைவிடக் கொஞ்சம் கலங்கியது, ஆனால் வெறும் மண் அளவுக்கு இல்லை. இலையும் சருகும் மழையின் அடியைத் தாங்குகின்றன, வேர் மண்ணைப் பின்னிப் பிடிக்கிறது. அப்படியானால் மரம் இருந்தால் மலை சரியவே சரியாதா என்று ஒருத்தி கேட்டாள். வேர் எட்டும் ஆழம் வரைதான் பிடிக்கும், அதற்கும் கீழே சரிந்தால் மரமும் சேர்ந்து வரும் என்றார் ஆசிரியை. மலையில் குடியிருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யான தைரியம் தருவதாகிவிடும்.

மாறியதும் மாறாததும்

கடைசியில் மறுபடி செடி வரையச் சொன்னார். இந்தத் தடவை தாளின் பாதி மண்ணுக்குக் கீழே இருந்தது. கிளைவேர் வந்தது, பலர் நுனிக்கு மேலே தூவியும் வரைந்தார்கள். பல் வைத்த வாய் போய்விட்டது. ஆனால் "செடி எப்படிப் பெருசாகுது?" என்று கேட்டபோது, சிலர் "மண்ணுல இருக்கற சத்தத் தின்னு" என்றே சொன்னார்கள். தின்பது மண் என்றிருந்தது சத்து என்று மாறியிருக்கிறது, எண்ணம் முழுதாக நகரவில்லை. இலை உணவு சமைக்கிறது என்பதை அடுத்த வகுப்புகளில் பார்க்காமல் இது நகராது என்பது என் கருத்து. இப்போதே திருத்தியாக வேண்டும் என்று ஆசிரியை முண்டவில்லை.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் செலவு பெரிதில்லை. புட்டி, துணி, கால் கிலோ பயறு, கடுகு, பழைய கேன்கள். வேண்டியது நேரம், அதைத் தமிழ், கணக்குப் பாடவேளைகளிலேயே அவர் எடுத்துக்கொண்டார். வேரின் நீளத்தை ஈர்க்குச்சியால் அளந்து எழுதியது கணக்கு, தினம் ஒரு வரி எழுதியது தமிழ். சேலம் நகரத்துப் பள்ளிகளில் மண்தரை இல்லாவிட்டாலும் புட்டியும் தொட்டியும் ஜன்னல் திண்ணையில் நடக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் துணி அரை நாளில் காய்ந்துவிடும் என்பதால் ஆடியில் தொடங்குவது நல்லது. வெற்றுத் தொட்டியை முதல் நாளே பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். மண் இறங்கி, பிள்ளைகள் அதைப் பற்றி வாதாடிய பிறகு வையுங்கள்.